குலம் அண்ணையின் மூன்று விரல்

1. முதல் நாள்

எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேரப் போகும் பிள்ளைகள் இப்போதும் சிலர் என்னிடம் வந்து, "மிஸ், அங்கை என்ன வேலை இருக்கும்?" என்று கேட்கிறார்கள். கடிதம் எழுத வேண்டும், போன் எடுக்க வேண்டும், எம்.பி.க்கு விழ வேண்டிய ஏச்சை முதலில் நீங்கள் வாங்க வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். தேர்தல் மட்டும் பழகாது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக, அதாவது கிளாக்காக, இருந்தவள். குலசிங்கம் என்பவர் முதன்முறையாக எம்.பி. ஆனபோது அவருடைய பிரத்தியேகச் செயலாளராக என்னை விடுவித்து அனுப்பினார்கள். விரும்பிப் போகவில்லை. அரசியல்வாதி என்றாலே எனக்கு அப்போது ஒரு கடுப்பு. வெள்ளை உடுப்பும் இரண்டு போனும் இல்லாமல் ஒருவரையும் நான் கண்டதில்லை.

மாங்குளம் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டின் முன்பக்கம்தான் அலுவலகம். நான் போய்ச் சேர்ந்த காலையில் வாசலில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"வாசலிலை நிக்காதேங்கோ! முன்னுக்கு வாங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு!"

அதுதான் எங்கள் எம்.பி. முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஓடிய அரச பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து பென்சன் எடுத்தவர். காதில் பேனை செருகியிருந்தது. நான், "சேர், ஆக்களை ஒவ்வொருத்தரா விடட்டோ?" என்று கேட்டேன்.

"சேர் எண்டா ஆரையோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு தங்கச்சி. அண்ணை எண்டு சொல்லுங்கோ."

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் எங்கே ஏறி எங்கே இறங்குகிறவர்கள் என்பது தெரியும். "நீங்கள் புளியடியிலை ஏறுறனீங்கள் எல்லே? மகள் வவுனியா ஆஸ்பத்திரியிலை இருந்தவா, இப்ப எப்பிடி?" என்று கேட்பார். கேட்கப்பட்டவருக்குக் கொண்டுவந்த கோபம் பாதியாகிவிடும். மத்தியானம் ஆவதற்குள் என் கடுப்பும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அன்றைக்குக் கடைசியாக வந்தவர் செல்வமணி அக்கா. அவருடைய ஊர் பாலைக்கண்டல் என்ற உட்கிராமம். பிரதான வீதியிலிருந்து காட்டுக்குள்ளால் போக வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில் எழுதும் ஓ.எல். சோதனை வரைதான் வகுப்பு. அதற்கு மேலே ஏ.எல். படிக்க மாங்குளம் வர வேண்டும். பஸ் கிடையாது, வழியில் யானை.

"மூத்தவளை ஓ.எல்.லோடை மறிச்சுப்போட்டன் அண்ணை" என்றார் அவர். "அவள் இண்டைக்கும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறாள் இல்லை. இளையவள் கீர்த்தி இப்ப ஆறாம் வகுப்பு. அவளையும் மறிக்க என்னாலை ஏலாது."

"அவள் ஓ.எல். முடிக்கிறதுக்குள்ளை பஸ் வரும் அக்கா" என்றார் குலம் அண்ணை.

செல்வமணி அக்கா போன பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "முதல் கிழமையிலேயே வாக்குக் குடுத்திட்டியள். முடியுமோ?"

"தங்கச்சி, பஸ்ஸைப் பற்றி மட்டும் நான் பொய் சொல்லமாட்டன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

2. மூன்று

எங்கள் நாட்டுத் தேர்தல் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. பிறகு அந்தக் கட்சிப் பட்டியலில் உள்ளவர்களில் மூன்று பேர் வரைக்கும் அவர்களுடைய இலக்கத்துக்குப் புள்ளடி போடலாம். அதுதான் விருப்பு வாக்கு. கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முதல் புள்ளடி தீர்மானிக்கும். அந்த இடத்தில் யார் போய் இருப்பது என்பதை இலக்கம் தீர்மானிக்கும். ஆகவே வேட்பாளர் ஒருவர் எதிர்க்கட்சிக்காரனைவிடத் தன் பட்டியலில் இருக்கும் ஆளுக்குத்தான் அதிகம் பயப்படுவார். பகலில் ஒரே மேடையில் கட்டிப்பிடித்து நிற்பவர்கள் மற்ற நேரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு திரிவதன் காரணம் இதுதான்.

குலம் அண்ணைக்கு அந்த முதல் தேர்தலில் கிடைத்த இலக்கம் மூன்று. அவர் பஸ் மிதிபலகையில் நின்ற காலத்திலேயே தரிப்பிடத்தில் நிற்பவர்களைப் பார்த்து எத்தனை டிக்கெட் என்று விரலால்தான் கேட்பாராம். அவர்களும் விரலால்தான் பதில் சொல்வார்கள். தேர்தலிலும் அவர் வேறு பிரசாரம் செய்யவில்லை. போகிற வழியெல்லாம் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். சனமும் மூன்று விரலைக் காட்டியது. வென்றுவிட்டார்.

வென்ற பிறகும் அந்த விரல் இறங்கவில்லை. வணக்கம் சொல்வது நின்றே போயிற்று. வயலில் நிற்பவன் தூரத்திலிருந்து மூன்று விரலைத் தூக்குவான், வாகனத்துக்குள்ளிருந்து இவரும் தூக்குவார். கண்டாவளையில் ஒரு கோயில் திருவிழாவில் தேர் வடம் பிடித்தபடியே ஒருவர் தூக்கினார். கொழும்பில் நாடாளுமன்ற வாசலில் சோதனைக்கு நின்ற பொலிஸ்காரருக்கும் இவர் தூக்கிக் காட்டி, அவர் ஒன்றும் விளங்காமல் முழித்தார். ஒருமுறை செத்தவீட்டில் பழக்க தோஷத்தில் கை மேலே போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று பிடித்து இறக்கினேன்.

பஸ் வேலைதான் இழுபட்டது. பாலைக்கண்டல் வீதியில் ஒரு மதகு உடைந்து கிடந்தது. மதகைக் கட்டினால் பஸ் விடலாம் என்றது டிப்போ. பஸ் ஓடாத வீதிக்கு மதகு எதற்கு என்றது வீதித் திணைக்களக் கந்தோர். குலம் அண்ணை இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்தார். நாடாளுமன்றத்தில் கட்சி அவருக்குக் கொடுக்கும் சில நிமிடங்களில் பெரிய பெரிய விஷயங்களை நான் எழுதிக் கொடுப்பேன். அவர் அதை வாசித்துக்கொண்டு போய் எப்படியாவது அந்த மதகில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். "வரவு செலவுத் திட்டத்துக்கும் பாலைக்கண்டல் மதகுக்கும் என்ன சம்பந்தம் அண்ணை?" என்று கேட்டால், "காசு சம்பந்தம்தான் தங்கச்சி" என்பார்.

பதவிக்காலம் முடிகிற கட்டத்தில் மதகு கட்டி முடிந்தது. பஸ்ஸுக்கு உத்தரவு வருவதற்குள் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். கீர்த்தி அந்த வருடம்தான் ஓ.எல். எழுத இருந்தாள். எம்.பி. இல்லாத ஒருவர் போய் டிப்போவில் நின்றால் இருக்கக் கதிரை கூடக் கொடுக்கமாட்டார்கள். இந்தத் தேர்தலில் தோற்றால் பஸ்ஸும் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

3. எட்டு

வேட்பாளர் இலக்கம், தகப்பன் பெயரில் தொடங்கும் முழுப்பெயரின் அகரவரிசைப்படி வருவது. பட்டியலில் ஆட்கள் மாறினால் இலக்கமும் மாறும். இந்தமுறை எங்களுக்கு வந்தது எட்டு.

மூன்று யாருக்குப் போயிற்று என்று பார்த்தேன். நஸீர் என்ற புதியவர். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். கூட்டத்தில் பேசச் சொன்னால் மைக்கைப் பார்த்துப் பயப்படுகிற சாதுவான மனுஷன்.

குலம் அண்ணை இரண்டு கையையும் தூக்கிப் பழகினார். ஒரு கையில் ஐந்து, மறு கையில் மூன்று. சனத்தின் கண்ணுக்கு அந்த மூன்றுதான் தெரிந்தது. சந்தோஷமாக மூன்றையே திருப்பிக் காட்டினார்கள். "எட்டு, எட்டு!" என்று நான் வாகனத்திலிருந்து கத்தினேன். "மூண்டு பேருக்குப் போடலாம், அதிலை ஒண்டு எட்டாக இருக்கட்டும்" என்று விளங்கப்படுத்தினால் காதில் விழுவது முதல் சொல் மட்டும்தான். வட்டக்கச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் கலியாணம் கட்டி வந்து வயல் செய்யும் ஒரு கமக்காரர் என்னைத் தேற்றினார்.

"பயப்பிடாதேங்கோ மிஸ். எட்டு அரசாங்கம் குடுத்த நம்பர். மூண்டு அண்ணையின்ர சொந்த நம்பர். நாங்கள் ரெண்டுக்கும் போடுவம்."

எங்கள் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். நஸீரின் போஸ்டரைக் கிழிப்போம், அவரைப் பற்றிக் கதை கட்டுவோம் என்றார்கள். குலம் அண்ணைக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"அந்த மனுசன் என்ன, நம்பரைக் களவெடுத்தவரோ? ஆர் அவரின்ர போஸ்டரிலை கை வைக்கிறியளோ அவர் இந்த வாசலாலை வரப்படாது!"

நஸீருக்கும் நிலைமை விளங்கியிருந்தது. மாங்குளத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, "குலம் அண்ணையின்ர நம்பர் எட்டு. மூண்டு என்ர நம்பர். மாறிப்போடாதேங்கோ" என்று சொன்னார். பட்டியலில் இருக்கும் ஒருவர் மேடையில் இப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கூட்டம் கைதட்டியது. தட்டி முடித்துவிட்டு, குலம் அண்ணையைப் பார்த்து மூன்று விரலைக் காட்டியது.

4. வாக்களிப்பு நாள்

வாக்களிப்பு நாளில் பிரசாரம் செய்யக்கூடாது. வாக்குச்சாவடிக்கு எட்டத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நானும் அவரும் இருந்தோம். வாக்களித்துவிட்டு வருகிறவர்கள் எங்களைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தினார்கள். சின்னவிரலில் மை காயாமல் இருந்தது. மற்ற மூன்று விரலும் மேலே நின்றன.

"போட்டாச்சு அண்ணை!"

முதலாமவர் காட்டியபோது சிரித்தோம். பிறகு வந்தவரும் அப்படியே. லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்றின் பெட்டி நிறைய ஆட்கள் வந்தார்கள், பெட்டி நிறைய விரல்கள். முகத்தில் அவ்வளவு பாசம். எனக்கு எழும்பிப் போய், "ஐயோ, எட்டெல்லோ!" என்று கத்த வேண்டும் போல இருந்தது. சாவடிக்குப் போகிறவர்களும் அந்த வழியால்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

குலம் அண்ணை என் கையைப் பிடித்து இருத்தினார். "இண்டைக்குக் கதைக்கப்படாது தங்கச்சி. சட்டம்."

"சட்டம் பாத்தா நாங்கள் துலைஞ்சம் அண்ணை."

"ஓம். துலைஞ்சம்தான்" என்றார். பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்து கும்பிட்டார். அவர் விரல் தூக்காத ஒரேயொரு நாள் அதுதான். கோப்பையில் தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்துவிட்டது.

5. யாருடைய வாக்கு

எங்கள் பட்டியலுக்கு இரண்டு இடம் கிடைத்தது. இரண்டாவது இடம் நஸீருக்கு. அவருக்கு அடுத்து வந்தவர் குலம் அண்ணை. அவருடைய தேர்தல் வரலாறு அவ்வளவுதான்: ஒருமுறை வென்றார், ஒருமுறை தோற்றார். இரண்டு முறையும் சனம் அவருக்குத்தான் போட்டது என்று நான் சொல்வேன்.

அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுமாரியைத் துடைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து நஸீர் வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"அண்ணை, இது உங்கட வாக்கு. எனக்கு வெக்கமாக் கிடக்கு. ராஜினாமாச் செய்யட்டோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்றார் குலம் அண்ணை. "என்ர வாக்கு எண்டு நீங்களே சொல்லுறியள். அப்ப என்ர வேலையையும் நீங்கள் பாருங்கோ. பாலைக்கண்டலுக்குக் காலமை ஒரு பஸ், பள்ளிக்கூடம் விடேக்கை ஒரு பஸ். மிச்சம் உங்கட விருப்பம்."

"வாங்கோ, ரெண்டு பேருமாப் போவம் டிப்போவுக்கு."

போனார்கள். அங்கே நஸீருக்குக் கதிரை கொடுத்தார்கள். அவர் அதில் குலம் அண்ணையை இருத்திவிட்டுத் தான் நின்றுகொண்டு கதைத்தாராம். டிப்போவில் இருந்த பழைய கூட்டாளிகள் இதை வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் ஒன்று மட்டும் கேட்டேன். "சனத்துக்கு விசயத்தைச் சொல்லுவமோ அண்ணை? உங்கட பிழையாலைதான் அண்ணை தோத்தவர் எண்டு?"

"சொல்லி?"

"இனியாவது கவனமாப் போடுவினம்."

"அடுத்தமுறை நம்பர் திரும்ப மாறும் தங்கச்சி. விடுங்கோ."

6. முதல் பஸ்

கீர்த்தி ஏ.எல். வகுப்புக்குப் போகத் தொடங்கிய நாளில் பஸ் வந்தது. நஸீர் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அதிலேயே போனார். ஊர் முழுக்க வீதியில் நின்றது. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் நின்றார்கள். செல்வமணி அக்காவுடன் மூத்த மகளும் வந்திருந்தாள். தங்கச்சியின் புத்தகப் பையை அவள்தான் சுமந்துகொண்டு வந்து பஸ் படியில் வைத்துக் கொடுத்தாள். பஸ் நின்றதும் ஊரே மூன்று விரலைத் தூக்கியது.

நஸீர் தன் கையைத் தூக்குவதா விடுவதா என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

செல்வமணி அக்கா ஜன்னலடிக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. "எப்பிடி அண்ணை தோத்தனீங்கள்? எங்களுக்கு விளங்கேல்லை. நாங்கள் ஊரோடை மூண்டுக்குத்தானே போட்டனாங்கள். எங்கட வாக்கு உங்களுக்குக் கிடைக்கேல்லையோ?"

நஸீர் தலையைக் குனிந்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எட்டு என்ற ஒரு சொல் போதும். எத்தனை தரம் தொண்டை கிழியக் கத்தின சொல் அது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். வேலைக்குச் சேரப் போகும் பிள்ளைகளே, அந்த அலுவலகத்தில் நான் கற்றுக்கொண்டது என்றால் அதுதான். உண்மை கையில் இருக்கிறது என்பதற்காக அன்பாக வந்து நிற்பவரின் முகத்தில் அதை அறையக் கூடாது.

குலம் அண்ணை திரும்பிப் பார்த்தார். கீர்த்தி ஜன்னலோர இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். டிரைவர் ஸ்டார்ட் பண்ணியாகிவிட்டது.

"கிடைச்சது அக்கா" என்றார் குலம் அண்ணை, மூன்று விரலையும் உயர்த்தி. "வந்து சேந்திட்டுது."

பிறகு வாசலில் முட்டி நின்ற பிள்ளைகளைப் பார்த்துப் பழைய குரலில் கத்தினார்: "முன்னுக்குப் போங்கோ பிள்ளையள், உள்ளுக்கு இடம் கிடக்கு!"