மழைக்கோட்டு மெஷினில் கடலை

பம்பாய்த் தாராவியில் உதுமான் நடத்திய மழைக்கோட்டுப் பட்டறையில் ஆறுமுகத்தாய்க்குப் பிளாஸ்டிக் ஒட்டும் வேலை. இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கை வைத்துக் காலால் மிதித்தால் மேல்தட்டு இறங்கும். நெருப்பும் இல்லை, பசையும் இல்லை, ஓரம் ஒட்டிக்கொள்ளும்.

1966 மழைக்காலத்தில் ஒருநாள், அவள் கொறிக்க வைத்திருந்த வறுக்காத கடலை ஒன்று உருண்டு தட்டுக்குள் போனது. கவனிக்காமல் மிதித்துவிட்டாள். எடுத்தால், நசுங்கிய பருப்பு கையைச் சுட்டது. உள்ளேயிருந்த புழு செத்திருந்தது. தட்டைத் தொட்டாள், சூடே இல்லை.

புருஷன் நயினார் மாஹிம் ஸ்டேஷன் வாசலில் கடலை வறுத்து விற்பவர். மழை பிடித்தால் வீட்டு மூட்டையில் பூச்சியும் பூஞ்சணமும்தான். மறுநாள் அதிலிருந்து ஒரு கை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில், தட்டு நசுக்காதபடி இருபுறமும் மரக்கட்டை வைத்து, கண்ணாடித் துண்டில் கடலையைப் பரப்பி மெஷினை ஓடவிட்டாள். பூச்சிகள் காலை மடக்கிக் கிடந்தன. பருப்பு இளஞ்சூடுதான்.

மெஷினைப் பார்த்துப் போக மாட்டுங்காவிலிருந்து வரும் இன்ஜினியர் சந்திரமௌலியிடம் அதைக் காட்டினாள்.

"சார், நெருப்பு இல்லாம பூச்சி எப்படிச் செத்துச்சி?"

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தத் தட்டுக்கு நடுவுல ஓடறதும் ரேடியோ அலை மாதிரிதான். ஈரம் எங்க ஜாஸ்தியோ அங்க சட்டுனு சூடாகும். காஞ்ச கடலையைவிடப் பூச்சி உடம்பில தண்ணி ஜாஸ்தி."

"அப்ப கடலைக்கு உயிர் இருக்கா?"

அவர் ஒரு பருப்பை எடுத்து உருட்டிப் பார்த்தார். "தெரியலை. முளைக்க வெச்சுப் பார்க்கலாம்."

மூன்று ஈரத்துணிகளில் கடலையை முடிந்து ஜன்னலில் வைத்தார்கள். ஒன்றில் மெஷினில் வைக்காதது, ஒன்றில் கொஞ்ச நேரம் வைத்தது, மற்றதில் வெகுநேரம் வைத்தது.

சில நாளில் சந்திரமௌலி தானாகவே வந்தார். மெஷினில் கோளாறு எதுவுமில்லை, முளையைப் பார்க்கத்தான் வந்தார். முடிச்சுகளைப் பிரித்தார்கள். முதல் துணியில் முளையைவிடப் பச்சைப் பூஞ்சணம்தான் அதிகம். வெகுநேரம் வைத்தது சுத்தமாக இருந்தது; ஒன்றுகூட முளைக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்ததில் பூஞ்சணம் அங்கங்கே புள்ளியாக இருந்தது, பெரும்பாலான கடலை வெள்ளை முளை விட்டிருந்தது.

பேச்சுக்குரல் கேட்டு உதுமான் வந்தார். வேலை போயிற்று என்றே ஆறுமுகத்தாய் நினைத்தாள். அவர் ஒரு முளையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு மூட்டைக்கு எவ்வளவு நேரம் ஆவும் தாயி?" என்றார்.

"கை கையாத்தான் வைக்கணும் முதலாளி. மழைக்காலமே முடிஞ்சிரும்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப கோட்டை ஒட்டு. மழை விட்டா மெஷின் சும்மாதானே கெடக்கும், அப்ப பாத்துக்கோ."

சந்திரமௌலி கிளம்பும்போது அவள் கேட்டாள்: "ஈரம் இருக்கிற எடம் சூடாகும்னு சொன்னீங்களே. என் கையிலயும் ரத்தம் ஓடுதே சார்?"

அவர் பையை மறுபடி கீழே வைத்தார். கையில் அலை படாமலிருக்க மெஷினோடு வந்த தகரத் தடுப்பு எங்கே என்று தேடினார். அது மூலையில், கோட்டுகளை அடுக்கும் பலகையாகக் கிடந்தது. அதைத் துடைத்து மாட்டிவிட்டுத்தான் போனார்.

மழை விட்ட பிறகு ஆறுமுகத்தாய் எள், ஆமணக்கு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எள் நன்றாக முளைத்தது. ஆமணக்கு முளைக்கவே இல்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, சந்திரமௌலிக்கும் பிடிபடவில்லை.