மீனம்பாள் கேட்ட ‘உச்சி வெயில்’

கூடை மல்லாட்டையை மிஷினின் வாயில் கவிழ்க்கும்போது மீனம்பாளின் தலை ஆடுகிறது. மிஷினின் தாளத்துக்கு அல்ல. அது பாட்டுக்குத் தடதடவென்று ஓடுகிறது. இவர் தலை வேறொரு கணக்கில் போகிறது. தலையைச் சுற்றி இறுகக் கட்டிய துண்டுக்குள் இயர்போன் இருக்கிறது. போன், இடுப்பில் செருகிய சுருக்குப் பையில். கடலைத் தோலும் தூசியும் பறக்கிற அந்த மில்லில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதையே வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே நின்று ஒருவர் பாட்டுக் கேட்கிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட பாட்டாக இருக்க வேண்டும்?

எங்கள் நிலத்து மல்லாட்டை மூட்டையை உடைக்கக் கொண்டுபோன அன்று அதைத்தான் கேட்டேன். கரண்ட் போய் மிஷின் நின்றிருந்தது. துண்டை அவிழ்த்து இயர்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார். ஏதோ சினிமாப் பாட்டு என்று காதில் வைத்தவன் பதறிப்போய் எடுத்துவிட்டேன். ‘இடிதாங்கி’ என்ற பாண்டிச்சேரிப் பையன்களின் ராக் இசைக்குழு. அவர்களுடைய முதல் ஆல்பமான ‘உச்சி வெயில்’. பத்திரிகைகளில் இசை பற்றி எழுதுகிறவன் என்பதால் எனக்கும் அனுப்பியிருந்தார்கள். வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி இருக்கிறதென்று இரண்டாம் பாட்டோடு நிறுத்தியிருந்தேன். அவலூர்பேட்டை ரோட்டில் மல்லாட்டை உடைக்கிற அம்மாளுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

“மிஷினுக்கு மேல நிக்குது சார்” என்றார். மற்ற பாட்டெல்லாம் மில்லுக்குள் வந்தால் செத்துப்போகிறதாம். இது மட்டும் சாகவில்லையாம். மகள் மஞ்சு செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மா போனில் அவள் மொத்தமாக ஏற்றிக்கொடுத்த பாட்டுகளோடு இதுவும் கூப்பிடாமலே வந்து சேர்ந்திருக்கிறது.

மீனம்பாள் ஐம்பதை நெருங்குகிறார். அவர் ரகசியம் சொன்னால் தெருக்கோடிவரை கேட்கும். ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே மகளின் கல்யாணப் பேச்சு முழுவதையும் ஊருக்கு அறிவித்தவர். மில்லில் வேலை செய்கிறவர்கள் குரலே அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். டிவி சீரியலைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். “மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பேச்சு எதுக்கு” என்பார். எதையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேறு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் உள்ளங்கை தானாகப் போய் ஜன்னலோரத் தகட்டில் படிந்துவிடும்.

நாங்களெல்லாம் விமர்சனம் என்று உட்கார்ந்தால் இவன் அவன் மாதிரி வாசிக்கிறான், அவன் இவன் மாதிரி பாடுகிறான் என்றே பக்கத்தை நிரப்பிவிடுவோம். மீனம்பாளுக்கு ஒப்பிட ஆளில்லை. எட்டுப் பாட்டையும் எட்டு ஆட்களாக வைத்துப் பேசினார். முதல் பாட்டு, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற கொழுந்தன். மூன்றாவது, சண்டைக்கு வந்துவிட்டுச் சோறு கேட்கிறவன். ஐந்தாவது அவருக்குப் பிடிக்கவில்லை; சொன்னதையே சொல்கிறானாம். பாடுகிற பையன் ஏன் இப்படிக் கத்துகிறான் என்றேன். அண்டை வயலில் மாடு மேய்ந்தால் காதோரமாகவா போய்ச் சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்டார். டிரம்ஸ் அடிக்கிறவனிடம் வந்தபோது அவர் முகமே மாறியது. “அவன் காலுலதான் சார் எல்லாம் இருக்குது. அவன் அங்க ஒண்ணு வுட்டான்னா இங்க வுழுது” என்று நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினார்.

ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டது ஆறாவது பாட்டின் நடுப்பகுதியைத்தான்.

“எல்லாரும் இடிச்சிக்கினு வந்து சட்டுனு கம்முனு ஆயிடுறாங்க சார். ரொம்ப நேரம். ஒருத்தனும் ஒண்ணும் அடிக்கல. கையில அத்தினி சத்தம் வெச்சிருக்கிறவன் சும்மா நிக்கிறான் பாரு, அதுக்கு இன்னா தெம்பு வேணும்.”

அந்த இடம் வந்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவாராம். அதற்காக மேஸ்திரியிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். மிஷின் சத்தத்தில் ஏதாவது அமுங்கிப்போயிருக்கும் என்றேன். வீட்டில் படுத்துக்கொண்டு கேட்டாலும் அதே அமைதிதான் என்றார்.

அந்த வாரம் ஆல்பத்தை முதலிலிருந்து ஒழுங்காகக் கேட்டேன். அவர் சொன்ன கொழுந்தனும் வந்தான், சோறு கேட்கிறவனும் வந்தான். இரண்டாம் பாட்டோடு எழுந்துபோன என் காதை நானே திருகிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆறாவது பாட்டு வந்தது. கிட்டாரும் டிரம்ஸும் சட்டென்று நின்றன. அங்கே அமைதி இல்லை. ஒரு பெண் குரல் இருந்தது. சொற்கள் இல்லாமல், துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல், மெல்லிய உச்சக் குரலில் ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள். ஆல்பத்திலேயே அழகான இடம் அது.

மஞ்சுவின் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. வீட்டில் குக்கர் விசிலை எண்ணுவது எப்போதும் அவள்தானாம். அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றாலும் நிறுத்த மாட்டாராம். அம்மாவை விழுப்புரத்துக்கு அழைத்துப்போய்க் காது டாக்டரிடம் காட்டினாள். உயர்ந்த ஓசைகள் இரண்டு காதிலும் போய்விட்டன, போனது இனித் திரும்பாது, மில்லும் இயர்போனும் சேர்ந்தால் மிச்சமும் போய்விடும் என்றார் டாக்டர். மீனம்பாள் கேட்டது ஒன்றே ஒன்று.

“கடைசியா போறது எது சார்? அந்த டிரம்ஸா?”

பெரும்பாலும் அப்படித்தான், கனத்த ஓசைதான் கடைசிவரை நிற்கும் என்று டாக்டர் சொன்னதும், நல்ல செய்தி கேட்டவர்போல எழுந்து வந்துவிட்டாராம். மஞ்சு சொல்லச் சொல்ல எனக்கு அந்த அம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

மில்லை விட முடியாது. வருகிற சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பாட்டைத்தான் விட்டார். இப்போது துண்டுக்குள் இயர்போன் இல்லை. சத்தத்தை அடைக்கிற மஞ்சள் நிற மூடிகள் இரண்டு காதையும் கவ்விக்கொண்டிருக்கின்றன. தலை ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மஞ்சுவின் சின்ன ஸ்பீக்கரில், குறைந்த சத்தத்தில், ஒரே ஒரு முறை ‘உச்சி வெயில்’.

போன ஞாயிறு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஸ்டூல்மேல் ஸ்பீக்கரை வைத்து, அதன் தலையில் உள்ளங்கையைப் பதித்து உட்கார்ந்திருந்தார் மீனம்பாள். ஆறாவது பாட்டில் இடி நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அறை முழுக்க அந்தப் பெண்ணின் குரல். அதுவரை அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்த மஞ்சுவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் தோளைத் தட்டிக் கண்ணைத் திறக்கவைத்து, அங்கே ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறாள் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டாள்.

பாட்டை நிறுத்தச் சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம்டி” என்றார், வழக்கமான பெருங்குரலில். “இத்தினி நாளா அது பாடிக்கினே இருந்திருக்குது. நான் ஆளே இல்லன்னு நெனச்சிட்டேன் பாரு.”

இனி அந்தப் பாட்டு எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், தொழில் புத்தி. கம்மென்று இருந்ததும் நன்றாகத்தான் இருந்தது என்றார் யோசித்து. “ஆனா உள்ள ஒரு ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சப்பறம் எப்புடி சார் வுட்டுட்டு வர்றது?”

மறுபடி போடச் சொன்னார். கூடவே மஞ்சுவையும் அதேபோலப் பாடச் சொன்னார். தனக்குப் பாட வராது, தன் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கும் என்று அவள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். அம்மா விடவில்லை. பாட்டு இடித்துக்கொண்டு வந்து நின்றது. மஞ்சு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு வெகு கீழே, கரகரத்த குரலில் இழுக்க ஆரம்பித்தாள்.

மீனம்பாள் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்து மகளின் தொண்டையில் வைத்தார்.