மேயருக்குப் பக்கத்து நாற்காலி

மேயர் பதவி ஓராண்டுக்குத்தான். அது எந்தப் பிரிவினருக்கு என்று அரசு சுழற்சி முறையில் அறிவிக்கும். மைசூரு மாநகராட்சியில் அந்த முறை பெண்ணுக்கு என்று வந்ததும், என் வார்டான மண்டி மொஹல்லா முழுக்க என்னை மேயரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. இரண்டாவது தடவையாக ஜெயித்த கவுன்சிலர்; கட்சியில் என்னைவிட மூத்த பெண் கிடையாது.

கட்சியோ பக்கத்து வார்டு கவுன்சிலரான ஒரு சின்னவளைத் தேர்ந்தெடுத்தது. முதல் தேர்தலில் ஓட்டுக் கேட்கக்கூடத் தெரியாமல் நின்றவளை வீடு வீடாக அழைத்துப்போனவள் நான். எங்கள் மன்றத்தில் மேயர் தேர்தலுக்கு ரகசிய ஓட்டெல்லாம் இல்லை; எல்லோர் முன்னிலையிலும் கை தூக்க வேண்டும். தூக்கினேன். என் வாயை அடைக்கத் துணை மேயர் பதவியைக் கொடுத்தார்கள்.

துணை மேயருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கோப்பில் கையெழுத்துப் போடுவது கமிஷனர். வரி, சுகாதாரம், சாலை எல்லாவற்றையும் பார்க்க நிலைக்குழுத் தலைவர்கள் இருக்கிறார்கள். மன்றக் கூட்டத்தை நடத்துவது மேயர். அவர் வராத நாளில்தான் துணை மேயருக்கு அந்த நாற்காலி. அதனால் அவள் தும்மினால்கூட எனக்கு ஆசை வரும். கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து அவளைப் பார்த்து, கன்னட முறைப்படி, "பூஜ்ய மஹாபௌரரே" என்று ஆரம்பிப்பார்கள். மஹாபௌரர் என்றால் மேயர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல். புதுப் பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் உறுப்பினர் எழுந்து கும்பிட்டார். "பூஜ்ய..." என்று ஆரம்பித்தவர், நான் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உப மஹாபௌரரே" என்று முடித்தார். பின்னால் எழுந்தவர்களும் அப்படியே. ஒருவர் வாயிலும் அந்த 'உப' தவறவில்லை.

சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"அக்கா, மீட்டிங்க நல்லா சென்னாகி நடத்தினீங்களாமே! எனக்கு அந்தச் சேர்ல உக்காந்தாலே என்ன பேசறதுன்னே தெரியல. கமிஷனர் நான் சொல்றத கேக்கறதே இல்ல. வார்டு ஜனங்க கண்டபடி திட்டறாங்க. தினமும் வீட்டுக்கு வந்து அழறேன் அக்கா."

"அழாதம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள்மேல் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. அந்த அழுகையும் எனக்கு வரவேண்டியது.