நடந்துகொண்டே பேசிய பேத்தி

என் பேத்தி திவ்யா விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் பிரம்மதேசத்தில் இருக்கிறேன். கல்லூரி விட்டு விடுதிக்கு நடக்கும் பத்து நிமிடம்தான் அவள் போனில் எனக்குக் கொடுக்கும் நேரம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அப்படித்தான் பேசினாள்.

"ஆயா, காலையில லேப், அப்புறம் டெஸ்ட்டு, மத்தியானம் பூரா ரெக்கார்டு எழுதிக்கினு இருந்தேன். ஒரே பேஜாரு!"

"கலெக்டருக்குக்கூட இவ்ளோ வேலை இல்லடி. சாப்டியா?"

"மறந்துட்டேன் ஆயா."

"படிச்சத மறப்ப, சரி. பசியையுமாடி மறப்ப?"

அவள் கலகலவென்று சிரித்தாள். உடனே ஒரு பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. "ஐயோ!" என்றாள். போன் அடங்கிவிட்டது. எனக்கு வந்த போனை எடுக்கத்தான் தெரியும், திரும்பப் போடத் தெரியாது. உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, போட்டுவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி அடித்தது.

"ஒண்ணுமில்ல ஆயா. ரோட்டத் தாண்டும்போது பாக்கல. ஒரு அக்கா கையப் புடிச்சி இழுத்துட்டாங்க. போனுதான் கீழ வுழுந்துச்சு."

சிரிக்க வைத்தவள் நானல்லவா?

இப்போது போன் வந்ததும், "நடக்கிறியா, உக்காந்துக்கினு இருக்கியா?" என்றுதான் கேட்கிறேன். நடந்தால் வைத்துவிடுவேன். அதனால் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அழைக்கிறாள். வாயில் சோற்றோடு அவள் சொல்வதில் பாதி எனக்குப் புரிவதில்லை. பிள்ளை சாப்பிடுகிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.