ஏழாம் நம்பர் மேஜையும் ஒரே ஒரு பூசணியும்

இன்று ஞாயிறு சந்தையில் சந்திக்க நேர்ந்தவர் ஏழாம் நம்பர் அக்கா. அவரைப் பற்றி இப்போதே, சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். மேஜையின் எண்ணே அவருக்குப் பெயராகிவிட்டது. வாடிக்கையாளர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பக்கத்து மேஜைக்காரர்களும் அப்படித்தான். இன்று அவர் மேஜையில் நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்தார்கள். மீதியை அக்காவே கொட்டாவிக்கும் கொட்டாவிக்கும் நடுவில் சொல்லி முடித்தார்.

சந்தை நடப்பது ஒரு பழைய பஸ் கொட்டகையில். தகரக் கூரை, நாற்பது மேஜைகள், ஒரே ஒரு குழாய். விளைவித்தவர்களே நேரடியாக விற்கும் இடம் என்பதால் ஒரு மேஜை கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அக்கா மூன்று வருடம் பட்டியலில் காத்துக் கிடந்து வாங்கிய மேஜை அது. கிடைத்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, அவர் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். மேஜை போனால் திரும்பவும் அந்த வியாபாரிதான்.

மேஜை போவதற்கும் வழி இருக்கிறது. மூன்று மாதக் கணக்கில் மூன்று ஞாயிறு வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வந்தீர்களா இல்லையா என்பதற்கு சாட்சி சந்தை அலுவலர் போடும் டிக். காலை ஏழு மணிக்கு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று. அவருக்கே ‘டிக் சார்’ என்றுதான் பெயர். இரண்டாவது டிக் போட வரும்போதும் மேஜையில் சரக்கு இருந்தாக வேண்டும். ஒரு கட்டுக் கீரையோடு வந்து, தலையைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களை மடக்குவதற்காகப் போட்ட விதி. உண்மையாகவே விற்றுத் தீர்ந்து போனவர்களுக்கும் அதே விதிதான். காலி மேஜை என்றால் ஆள் வரவில்லை என்றுதான் கணக்கு.

இந்த மூன்று மாதத்தில் அக்கா ஏற்கெனவே இரண்டு ஞாயிறு வரவில்லை. முதல் ஞாயிறு, தக்காளிக் கூடையைத் தூக்கப்போன வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடையை இறக்கி வைக்கவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் வளைந்து நின்றவரை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வாரம் படுக்கை. இரண்டாவது ஞாயிறு, வெண்டைக்கு மஞ்சள் நோய் வந்து தோட்டத்தையே பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. பிடுங்கியது அக்கா ஒருத்தி. கத்தரியும் அதோடு போச்சு. புதிதாக விதைத்த கீரை இப்போதுதான் இரண்டு இலை விட்டு நிற்கிறது.

இன்று இந்தக் காலாண்டின் கடைசி ஞாயிறு. இன்றும் வராவிட்டால் மேஜை காலி.

விற்க என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை வரை அப்படித்தான் நினைத்திருந்தார். பிடுங்கிய செடிகளைக் கொட்டுவதற்கு மோட்டார் அறைக்குப் பின்பக்கம் போனபோது, சமையல் கழிவு கொட்டும் குப்பைமேட்டில் ஒரு கொடி தானாக முளைத்துப் படர்ந்திருந்தது. இலையை விலக்கிப் பார்த்தால் ஒரு மஞ்சள் பூசணி. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் வைக்கவில்லை, ஏன், இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாது. பதினாறு கிலோவுக்கு ஊதிப்போய் உட்கார்ந்திருந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்ததெல்லாம் செத்துப்போக, பார்க்காமல் விட்டது மட்டும் பிழைத்திருக்கிறதே என்று அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பு இல்லாததால் காம்பை அறுத்து வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார்.

படுக்கையில் இருந்தபடியே வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார், “ஒத்தைக் காயை வெச்சுக்கிட்டு கடை போடப் போறியா?”

“ஒரு டிக்குக்கு ஒரு காய் போதும்,” என்றார் அக்கா.

வழக்கமாக வேனை ஓட்டுவது வீட்டுக்காரர். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. அதனால் இன்று விடிகாலையில் கிளம்பும் முதல் பஸ். பூசணியை ஒரு பழைய போர்வையில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு ஏறினார். ஜன்னலோர சீட்டில் அதை உட்கார வைத்துவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் போர்வையைப் பார்த்துவிட்டு, யாரு, எங்கே இறங்கணும் என்று கேட்டாராம். என்கூடத்தான் இறங்கும் என்றிருக்கிறார் இவர். விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை; அதற்குள் தூங்கிவிட்டார். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, பூசணியோடு திரும்பி நடந்து வந்தார்.

ஏழு மணி டிக் பிரச்சினை இல்லாமல் விழுந்தது. மேஜை நடுவில் ஒற்றைப் பூசணி ராஜா மாதிரி வீற்றிருக்க, டிக் சார் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். இனி பதினொரு மணி வரை அது இருக்க வேண்டும். முழுசாக இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது.

எட்டாம் நம்பர் மேஜை தேன்காரருடையது. அக்காவை விடப் பத்து வயது மூத்தவர், வாய் சும்மா இருக்காது. ஏன் தங்கச்சி இந்தப் பாடு, மொத்த மண்டியில் ரெண்டு பெட்டி தக்காளி எடுத்து அடுக்கியிருந்தால் யாருக்குத் தெரியப்போகுது என்று காதோரம் கேட்டார்.

“மண்டிக்கு விடியக்காலம் மூணு மணிக்கே போகணும்ண்ணே. தப்புப் பண்றதுக்கும் தெம்பு வேணுமில்ல?”

தேன்காரர் அரை மணி நேரத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முதல் ஆபத்து எட்டு மணிக்கு வந்தது. விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு காண்டிராக்டர் பூசணியைத் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், முழுசாகக் கொடுங்கள், கேட்ட விலை தருகிறேன் என்றார். நான்கு வருடத்தில் அக்காவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. முடியாது என்றதும் அவருக்குக் கோபம்.

“விக்கத்தானே வந்தீங்க?”

“விக்கத்தான் வந்தேன். சீக்கிரமா விக்க வரலை.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அக்கா யோசித்தார். முழுசாக வைத்திருந்தால் இன்னொரு காண்டிராக்டர் வருவார். கத்தியை எடுத்து ஒரு பக்கம் வகிர்ந்தார். உள்ளே சதை நல்ல ஆரஞ்சு நிறம். பத்தை பத்தையாகப் போட்டு, ஆளுக்கு அரை கிலோதான் என்று அறிவித்தார். மெதுவாக விற்கலாம் என்பது திட்டம்.

திட்டம் அங்கேதான் கவிழ்ந்தது. ஆளுக்கு அரை கிலோதானாம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் நாலு பேரிடம் சொல்ல, ஏழாம் நம்பரில் ஏதோ கிடைக்காத சரக்கு வந்திருக்கிறது என்று கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. தன் மேஜைக்கு முன்னால் ஒரு வரிசை நின்று பார்க்க மாட்டோமா என்று எத்தனை ஞாயிறு ஏங்கியிருப்பார். வெயிலில் வாடும் கீரைக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்த நாட்கள் எத்தனை. வரிசையே வேண்டாம் என்று இருக்கிற ஒரே நாளில் அது தூண் வரைக்கும் நீண்டு நின்றது.

அரை கிலோவைக் கால் கிலோ ஆக்கினார். வரிசை இன்னும் நீண்டது. இது என்ன ரகம், எங்கே விதை கிடைக்கும் என்று கேட்டார்கள். குப்பைமேட்டு ரகம் என்று உண்மையைச் சொன்னார். இயற்கை உரம் போலிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு இரண்டு பத்தை கேட்டார்கள். வெட்டும்போது வேண்டுமென்றே நிறுத்திக் கத்தியைத் துடைத்தார். எடை போடும்போது இரண்டு தடவை போட்டார். விதையைத் தனியே வழித்து எடுத்தார், நாரை எடுத்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார். எதற்கும் யாரும் நகரவில்லை. பக்கத்தில் தேன்காரர், எனக்கு ஒரு ஆளாவது தள்ளிவிடேன் தங்கச்சி என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு மேஜையில் மூன்றே பத்தை. டிக் சாரைத் தேடினால் அவர் முதல் வரிசையில் ஏதோ தராசுச் சண்டையைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தார். தீர்கிற சண்டையாகத் தெரியவில்லை. ஒரு பத்தையை ஒருவர் கெஞ்சி வாங்கிப் போனார். அடுத்து கண்ணாடி அம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். மேஜை கிடைத்த முதல் வாரத்திலிருந்து வருகிறவர்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள் அம்மா என்றார்.

“முத்தின வெண்டைக்காயெல்லாம் என் தலையில கட்டினப்ப நான் விட்டேனா? எடு பத்தையை.”

எடுத்துக் கொடுத்தார்.

மிச்சம் ஒன்று. மூன்று விரல் அகலம். அக்கா அதன்மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினார். நின்று நின்று கால் கட்டையாகிவிட்டிருந்தது. வரிசையும் கலைந்து போயிருந்தது. அப்போதுதான் அந்த இளைஞர் வந்தார். மார்பில் துணியால் கட்டிய குழந்தை, கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டையில் பட்டன் ஒரு ஓட்டை தப்பிப் போட்டிருந்தது. குழந்தைக்கு ஆறு மாதமாம், இன்று முதல்முறையாகத் திட உணவு, பூசணியை வேகவைத்து மசித்துக் கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னாராம். சந்தையில் வேறு யாரிடமும் இல்லையாம்.

துணியால் மூடியாயிற்று, இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அக்காவுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தன்னைவிடத் தூக்கம் கெட்ட ஒரு ஆளை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

“இருக்கு தம்பி. ஆனா ஒரு சார் வந்து இதைப் பார்த்துட்டுப் போகணும். அதுக்கப்புறம் உங்களுக்குத்தான். கொஞ்சம் உக்காருறீங்களா?”

உட்காருகிறீர்களா என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ, ஏன் எதற்கு என்றுகூடக் கேட்காமல் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா எதிர்ப் பெட்டியில். நடுவில் மேஜை, மேஜையில் பத்தை. குழந்தை ராத்திரி எத்தனை தடவை எழுகிறது என்று அக்கா கேட்டார். ஐந்து என்றார் அவர்.

பதினொன்றே காலுக்கு டிக் சார் பதிவேட்டோடு வந்தபோது அக்கா, அந்த இளைஞர், குழந்தை மூன்று பேருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள். தேன்காரர் எட்டி அக்காவின் தோளைத் தட்டினார்.

“சரக்கு எங்கம்மா?” என்றார் டிக் சார்.

அக்கா துணியை எடுத்தார்.

“இதுவா?”

“காலையில பெரிசா இருந்துச்சு சார்.”

“அதான் பார்த்தேனே.” குனிந்து பார்த்தார். “நீங்க வளர்த்ததா?”

அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் பொய்யும் வரவில்லை. “வளர்த்தேன்னு சொல்ல முடியாது சார். அதுவா வளர்ந்துச்சு. எங்க தோட்டத்துலதான்.”

தேன்காரர் நெற்றியில் அறைந்துகொண்டார். டிக் சார் பேனாவைத் தூக்கியபடியே நின்றார். பிறகு பதிவேட்டின் அட்டையைத் திருப்பி, உள்பக்கம் ஒட்டியிருந்த விதிகளில் விரலை வைத்து மெதுவாக வாசித்தார்: சொந்த நிலத்தில் விளைந்த பொருள். வளர்த்த என்று எங்கேயும் இல்லையே, விளைந்த என்றுதானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டிக் போட்டார்.

அக்கா அந்த டிக்கை எட்டிப் பார்த்தார். அழுவார் என்று தேன்காரர் நினைத்தாராம். அவர் கேட்டதோ வேறு.

“சார், அடுத்த வாரம் புதுக் கணக்குதானே?”

“ஆமா. எல்லாருக்கும் முதல்ல இருந்து.”

“ரெண்டு வாரம் வரலைன்னா மேஜை போகாதே?”

“போகாது. மூணாவது தடவைதான்.”

“அப்ப ரெண்டு வாரம் நான் வரமாட்டேன் சார்.”

டிக் சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நேரம் மேஜையைக் காப்பாற்றப் போராடியது வராமல் இருப்பதற்குத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் அக்கா, கொஞ்சமும் வெட்கப்படாமல். ஐந்து நாளைக்கு முன் விதைத்த கீரை மூன்றாவது ஞாயிறுதான் பறிக்கிற பதத்துக்கு வரும். அதுவரை மேஜையில் வைக்க ஒன்றும் இல்லை, பஸ் ஏற உடம்பும் இல்லை. நான்கு வருடத்தில் ஆஸ்பத்திரியும் செடி நோயும் இல்லாமல் அவராகவே எடுக்கிற முதல் லீவு.

அந்த இளைஞரை எழுப்ப அக்காவுக்கு மனசே வரவில்லை. பத்தையைக் காகிதத்தில் சுற்றி அவர் பையில் வைத்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷம் தூங்கட்டும், அப்புறம் எழுப்பிவிடுங்கள் என்று தேன்காரரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்கு போன் போட்டார். விழுந்தாச்சு என்று ஒரே வார்த்தை. எதிர்ப்பக்கம் பதறிப்போய், எங்கே விழுந்தே, அடி பட்டுச்சா என்று கேட்டது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. டிக் விழுந்தாச்சு என்று புரியவைப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. காலிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி கிளம்புவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்.

அதனால் ஒரு வேண்டுகோள். சந்தைக்குப் போகிற உங்கள் ஆட்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் ஏழாம் நம்பர் மேஜை காலியாக இருந்தால் அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று யாரும் பதற வேண்டாம், போன் போட்டு எழுப்பவும் வேண்டாம். மூன்றாவது ஞாயிறு போங்கள். கீரை இருக்கும். ஆளுக்கு இவ்வளவுதான் என்ற பேச்செல்லாம் இருக்காது. பெரிய பையாகக் கொண்டுபோங்கள், பதினொரு மணிக்கு மேல் போனால் மொத்தமாகவே அள்ளிக்கொண்டு வரலாம்.