மிளகாய்த்தூள் குடித்த கரி

சென்ற சனிக்கிழமை எங்கள் அடுப்படியில் ஓர் அறிவியல் குற்றம் நிகழ்ந்தது. புரிந்தவர் என் துணைவியார். உடந்தையாக இருந்தவன் நான்.

முதலில் சான்றுப் பொருளைக் காட்டிவிடுகிறேன். ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் கன்னங்கரிய தூள். கொண்டுவந்தவள் நிவேதா. நோர்வேயின் புருசெத்தில் எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண், வேதியியல் ஆய்வாளர். கோயில் திருவிழாவில் நாங்கள் உடைத்த தேங்காய்களின் சிரட்டைகளை இரண்டு பைகளில் அள்ளிச் சென்றவள், அவற்றை உலையிலிட்டுச் சுட்டு, நீராவி பாய்ச்சி, இந்தத் தூளாக்கியிருந்தாள்.

“உள்ள முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அங்கிள். ஒரு ஸ்பூன் எடுத்து விரிச்சா ஃபுட்பால் கிரவுண்டே வரும்! புகைபோக்கியில வர்ற கார்பன் டை ஆக்ஸைடு இதுல வந்து ஒட்டிக்கும். சூடு பண்ணினா விட்டுடும். திரும்பவும் பிடிக்கலாம்.”

“உது வேறை புகையளையும் பிடிக்குமோ, பிள்ளை?” என்று துணைவியார் வினவினார்.

“வாசனையைக்கூட விடாது, ஆன்ட்டி!”

அந்த வினாவின் பின்னே ஒரு திட்டம் ஒளிந்திருந்ததை நான் உணர்ந்திருக்க வேண்டும்... உணரவில்லை.

திங்கட்கிழமை காலை மதிப்பீட்டுக் குழு ஒன்று நிவேதாவின் ஆய்வைப் பார்வையிட வருகிறது. அவர்கள் மனநிறைவுற்றால் அவள் பணி தொடரும். இல்லையேல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர். கைவசம் இருப்பது அந்த ஒரு புட்டிக் கரி மட்டுமே. இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் திடுமெனக் கடிகாரத்தைப் பார்த்தாள். நிலவறைச் சலவைக்கூடத்தில் அவளது முறை தொடங்கிவிட்டது! முறையைத் தவறவிட்டவருக்கு இவ்வடுக்ககத்தில் மன்னிப்புக் கிடையாது. புட்டியை எங்கள் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள்.

அன்றுதான் எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளுக்கு வறுக்கும் நாள்.

யாழ்ப்பாணத்துத் தூள் வறுபடுவதை அறியாதவர் எவர்? மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய்... வெளியே உறைபனி, சாளரத்தைத் திறக்க வழியில்லை. காற்றோட்டக் குழாயோ ஒன்பது வீட்டுக்கும் பொது. சென்ற முறை வறுத்த மறுநாள் படிக்கட்டில் ஓர் அறிவித்தல் தொங்கியது: ‘அன்புள்ள அயலவர்களே, நம் காற்றோட்டக் குழாயை நினைவிற்கொள்வோம்.’ அருகில் சிரித்த முகம் ஒன்று. பெயர் குறிப்பிடப்படவில்லை. குறிப்பிடாமலே சுட்டுவதில் நோர்வேயரை விஞ்ச ஆளுண்டா? எட்டு வீட்டாரும் எங்கள் கதவைப் பார்த்துப் புன்னகைத்தபடி படியேறினர்.

“இஞ்சாருங்கோ, உந்தக் கரியிலை கொஞ்சத்தைத் தட்டிலை பரப்பி அடுப்புக்குப் பக்கத்திலை வைச்சால் என்ன? புகையைக் குடிக்கட்டுமன்.”

நான் தடுத்தேனா? இல்லை. “கொள்கையளவில் பொருத்தமே” என்றேன். கொள்கையளவில்! ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமிருந்து இச்சொல்லைப் பறிமுதல் செய்தல் நலம்.

கொஞ்சம் என்றது முழுப் புட்டியாயிற்று.

வறுத்து இறக்கும் வேளையில் நிவேதா ஈரத்துணிக் கூடையோடு வந்தாள். தட்டைக் கண்டாள். கூடை தரைக்குப் போயிற்று.

“ஆன்ட்டி... அது என் சாம்பிள்!”

“ஓம் பிள்ளை, நல்லாத்தான் வேலை செய்யுது. இண்டைக்கு எனக்குக் கண்ணே எரியேல்லை!”

“அதுதான் ஆன்ட்டி பிரச்சினையே! ஓட்டை பூரா மிளகாய் குடியேறியிருக்கும். கார்பன் டை ஆக்ஸைடு எங்க போய் உட்காரும்?”

துணைவியாரின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பியது.

“படிச்ச மனுசன்! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?”

சொன்னேனே... அதுதானே சிக்கல்.

அடுத்த தொடருந்தில் நிவேதாவும் நானும் ஆய்வுகூடம் நோக்கிப் புறப்பட்டோம். புட்டியைக் கைக்குழந்தையைப்போல் மடியில் ஏந்தியிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் அவள் கரியைக் குழாய் உலையிலிட்டு, நைதரசன் வளியைச் செலுத்திச் சூடேற்றினாள். சற்று நேரத்தில் குழாயின் மறுமுனையிலிருந்து எங்கள் அடுப்படி புறப்பட்டு வந்தது! அடுத்த அறையிலிருந்த நோர்வேய ஆய்வாளர் ஒருவர் கதவிடுக்கில் மூக்கை நீட்டி, “இன்று மதிய உணவு யாருடையது?” என்று தம் மொழியில் ஆவலோடு கேட்டார். நிவேதா சிரிக்கவில்லை.

கரி ஆறியதும் கரியமில வாயுவைச் செலுத்தி நிறுத்துப் பார்த்தாள். பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள். மீண்டும் நிறுத்தாள். பிறகு முக்காலியில் தொப்பென்று அமர்ந்தாள்.

“அங்கிள்... பிடிக்குது. கிட்டத்தட்ட முன்ன மாதிரியே பிடிக்குது!”

பற்றிக்கொள்ளுதல் எவர்க்கும் எளிது. வேண்டாததை விட்டுவிட்டு மீண்டும் புதிதாய்ப் பற்றுவதே அரிது. சிரட்டைக்கு அது கைகூடிவிட்டது, நமக்கு எப்போது?

திங்கட்கிழமை குழுவினர் வந்தனர். அவர்களுள் ஒருவர் கேட்டாராம்: “ஆய்வுகூடத்தில் தூய வாயுவைப் பிடிப்பது சரி. மெய்யான புகைபோக்கியில் வருவது அழுக்குப் புகை அல்லவா? உங்கள் கரி அதைத் தாங்குமா?” வெள்ளிக்கிழமை வரை நிவேதாவிடம் அதற்கு விடையில்லை. இப்போது இருந்தது! சனிக்கிழமைக் கணக்கைக் காட்டி, அது எந்தப் புகை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். குழுவினர் வாய்விட்டுச் சிரித்தனராம். சிரித்து முடித்ததும் பணியைத் தொடர இசைவளித்தனர், ஒரு நிபந்தனையோடு. ஒருமுறை நிகழ்ந்தது சான்றாகாது. அதே புகையை இன்னும் மும்முறை ஊட்டி, செய்முறையைத் துல்லியமாக எழுதித் தர வேண்டும்.

ஆகவே நேற்று நிவேதா வெப்பமானியோடும் குறிப்பேட்டோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“எத்தனை டிகிரியில வறுப்பீங்க, ஆன்ட்டி? எத்தனை நிமிஷம்?”

“டிகிரியோ? நிமிசமோ?” துணைவியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவர் மூண்டாந்தரம் தும்மினவுடனை நான் சட்டியை இறக்கிப்போடுவன், பிள்ளை.”

நிவேதா சற்றும் தயங்காமல் அதை எழுதிக்கொண்டாள்.

வரும் சனிக்கிழமை தொடக்கம், நோர்வேய அறிவியலின் அளவுகருவிகளுள் நானும் ஒன்று.