என் இரண்டு பிறந்தநாள்களும் ஒரு தொலைபேசி அழைப்பும்

இங்கே நான் தும்மினால் யாரும் "நூறு" என்று சொல்வதில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு வருடமாக ஒற்றை அறையில் தன்னந்தனியாகத் தும்மிக்கொண்டிருக்கிறேன். சுவர்கள் அவ்வளவு கனம். இலங்கையில், நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. இடையில் உள்ள சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. முதல் வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "நூறு" வரும். ஒரு ரகசியம் பேச வழியில்லையே என்று அப்போது எரிச்சல்பட்டவள்தான் நான்.

போன வருடம் ஒரு விடுமுறை நாள் காலையில் போன் வந்தது. குடிவரவு அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் மிக மரியாதையாகச் சொன்னான். என் பெயரும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "உங்கள் பிறந்த தேதியில் ஒரு தவறு இருக்கிறது, மேடம்" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் அது உண்மை.

நான் பிறந்தது தை மாதம். அப்போது கொழுந்து நிறைய, அப்பாவால் வேலையை விட்டுப் போக முடியவில்லை. ஒருவழியாக மார்ச்சில் போய்ப் பிறப்பைப் பதிந்தார். கேட்ட இடத்தில் அன்றைய தேதியையே சொல்லிவிட்டார், அதுவே பதிவாகிவிட்டது. லயத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இரண்டு பிறந்தநாள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடுதாசிக்கு. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் கடுதாசி இல்லை என்பதற்காகவே எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள் எங்கள் தாத்தாமார். அந்தப் பயம் எங்களுக்குப் பாலோடு வந்தது. அவன் குருட்டாம்போக்கில் வீசிய வார்த்தை என்னை வந்து பிடித்துக்கொண்டது.

இன்றைக்கே அபராதம் கட்டாவிட்டால் விசா ரத்து, நாளையே விமானம் ஏற்றிவிடுவார்களாம். கடையில் பணமதிப்புள்ள பரிசு அட்டைகள் வாங்கி, பின்னால் உள்ள எண்களைச் சுரண்டி அவனுக்கு வாசிக்க வேண்டுமாம். போனை வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. அரசாங்கம் எதற்குப் பரிசு அட்டை கேட்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது? போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினேன்.

கல்லாவில் இருந்தவள் டோரீன். தினமும் பால் வாங்கும்போது பார்க்கும் முகம். அட்டைகளைப் பார்த்து, "யாருக்குப் பிறந்தநாள், கண்ணே?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான். அதில்தான் பிரச்சினை" என்றேன்.

அவள் சிரித்தாள். "வயதாவது எல்லோருக்கும் பிரச்சினைதான்."

"இல்லை, தேதி தப்பு. அப்பா மார்ச்சில் எழுதிவிட்டார். என்னை நாட்டைவிட்டு அனுப்பப் போகிறார்கள்."

கண்ணீர் வந்துவிட்டது. சொல்லக் கூடாது என்றதை, வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழும்படி ஒன்றுவிடாமல் கொட்டினேன். லயத்துக்காரிக்கு ரகசியம் காப்பது எப்படி வரும்? டோரீனுக்குத் தை, மார்ச் எதுவும் புரிந்திருக்காது. பரிசு அட்டை மட்டும் நன்றாகப் புரிந்தது. என் கையிலிருந்த போனை வாங்கி, கட் பண்ணி, அட்டைகளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "இந்தத் திருடர்களை எனக்குத் தெரியும்" என்றாள்.

விடுமுறை முடிந்து குடிவரவு அலுவலகம் திறந்ததும், எனக்கு வந்த பழைய கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். என் விசாவில் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு அழைப்பு அவர்களிடமிருந்து போகவும் இல்லை. அன்றைக்கு நான் விட்ட மூச்சு நோர்வூட் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்குப் பேசினேன். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"ஒம் பொறந்த தேதி தப்புன்னு இந்த லயத்துல யாருக்குடி தெரியாது? அதுக்குப் போயி அழுதியா?"

குறுக்கே அண்ணியின் குரல். "எனக்கும் போன மாசம் ஒருத்தன் போன் எடுத்துப் பேசுனான். பரிசு விழுந்திருக்காம், போனுக்கு வந்த நம்பரச் சொல்லணுமாம், வீட்டுல யாருக்கும் சொல்லப்படாதாம். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த அடுத்த வீட்டு மாமா சொவத்துக்கு மேலால 'வைம்மா போன'ன்னு சத்தம் போட்டுட்டாரு."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. யாரிடமும் சொல்லாதே என்று எவனாவது சொன்னால், அந்த நிமிடமே போனை வைத்துவிட்டு நாலு பேரிடம் சொல்லுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் தனி அறையில் இருப்பவர்களுக்கும் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

இந்தத் தையில் லயம் முழுவதும் போனில் என்னை வாழ்த்தியது. மார்ச்சில் ஒரு நாள் பால் வாங்கப் போனபோது டோரீன் ஒரு வாழ்த்து அட்டையை நீட்டினாள். அன்று நான் அழுதுகொண்டே சொன்ன மார்ச் அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. அந்த மாதத்தில் என்னை யாரும் வாழ்த்தியதே இல்லை. அதை ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். தையில் பிறந்தவள் அம்மாவின் மகள். மார்ச்சில் பிறந்தவளுக்குத்தான் இங்கே வேலையும் அறையும் விசாவும். இருவருக்கும் நடுவே ஏழு வாரம் இருக்கிறது, அப்பா லயத்திலிருந்து நடந்துபோய்ப் பதிந்துவர எடுத்துக்கொண்ட ஏழு வாரம்.